இரண்டு பேர் இருக்கை

ராணிப்பேட்டை முத்துக்கடையில் ஏறினால்
எனக்கு இடம் கிடைத்துவிடும்.
உட்கார்ந்ததும்
என் பக்கத்திலும் இடம் கிடைத்துவிடும்.
மற்றவர்கள் நின்றுகொண்டே வருவார்கள்
மேல்விஷாரம் வரைக்கும்.

சட்டையில் இல்லை அந்த வாடை.
சட்டையை டேனரியிலேயே மாற்றிவிடுகிறேன்.
சிவப்பு சோப்பு, எலுமிச்சம்பழத் தொலி,
ஒருமுறை மண்ணெண்ணெய்கூடப் பார்த்தாயிற்று.
பதினொரு வருஷம் சுண்ணாம்புக் குழிக்குள்
கையை விட்டவனுக்கு
அது எலும்பில் இருக்கிறது.

காரை கோயிலிலும் அப்படித்தான்.
என் பெஞ்சில் நானும் பாட்டுப் புத்தகமும்.
இராப்போஜனத்துக்கு முழங்கால் போடும்போது
இடது பக்கம் ஓர் ஆள் அகலம் காலி.
குறையாகச் சொல்லவில்லை.
எனக்கே சில நாள் என் பக்கத்தில்
உட்காரப் பிடிப்பதில்லை.

'மணலுக்கு அடியில் பாலாறு ஓடுகிறமாதிரி
கர்த்தர் உங்கள் அருகில் இருக்கிறார்' என்று
மழை ஜெபத்தில் ஆயர் யோபுதாஸ் சொன்னார்.
ஆமென் சொன்னவர்களில் நானும் உண்டு.
ஆனால் ஐயா, நான் தோண்டியிருக்கிறேன்.
மச்சான் எலியாபும் நானும்
ஆள் ஆழம் தோண்டினோம்.
மஞ்சளாக வந்தது.
எங்கள் டிரம்மிலிருந்து போனதுதான்
எங்களிடமே திரும்பி வந்திருந்தது.

அதிலிருந்து
பஸ் பாலத்தில் ஏறும்போதெல்லாம்
கீழே எட்டிப் பார்க்கிறேன்.
நீர் இல்லை, நீர் இல்லை என்று
கரையிலிருந்து கரைவரை
மணல் எழுதி வைத்திருக்கும்.
எந்த நீரைச் சொல்கிறாய் என்று
கேட்கப் பயந்து கண்ணை மூடிக்கொள்வேன்.

'அந்தக் காலி இடம் அவருக்குத்தான்' என்பாள்
என் மனைவி சலோமி.
நல்ல வார்த்தை.
ஆனால் ஆற்காட்டில் கூட்டம் ஏறினால்
அவர் மடியில் கூடையை வைத்துவிட்டு
நிற்கிறார்கள்.

ஐப்பசியில் ஒரு புதன்கிழமை.
இடுப்பில் ஒன்று, கையில் ஒன்றாக ஒருத்தி ஏறினாள்.
கையில் பிடித்திருந்தது நாலு வயசுப் பெண்,
தானாகத் தாவி என் பக்கத்தில் உட்கார்ந்தது.
'வேணாம்டி' என்றாள் அம்மா.
அது காலை ஆட்டிக்கொண்டிருந்தது.
பாலம் வருவதற்குள் தூங்கி
என் கைமேல் சாய்ந்துவிட்டது.

கையை எங்கே வைப்பது,
மூச்சை எப்படி விடுவது
எதுவும் தெரியவில்லை எனக்கு.

அப்புறம்தான் கவனித்தேன்.
சளி.
மூக்கு முழுக்க அடைத்து
வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.
சத்தமாகச் சிரித்துவிட்டேன்.
ஆண்டவரே, உமக்கும் சளியா?

இல்லை.
பலிபீடத்தில் முடியும் கொழுப்பும் கருகின நாளிலேயே
முகர்ந்து பழகினவர் நீர்.
மாட்டுத் தொழுவத்தில்
முதல் மூச்சாக உமக்குள் போன காற்று
எங்கள் ஷெட்டுக் காற்றுக்கு
ஏதோ ஒரு வகையில் சொந்தம்.
உம்முடைய ஆள் ஒருவர்
கடலோரத்தில், தோல் பதனிடுகிறவன் வீட்டில்
பல நாள் படுத்துத் தூங்கினாராம்.
வருஷா வருஷம் வாசிக்கிறார் ஆயர்.
அந்த வீட்டில் என்ன வாடை அடித்தது என்று
ஒரு பிரசங்கமும் இல்லை.

உமக்கு மூக்கு நன்றாக வேலை செய்கிறது.
அப்படியும் எழுந்து போகவில்லை.

அன்று பாலத்தில் நான் எட்டிப் பார்க்கவில்லை.
அசைந்தால் பிள்ளை விழித்துவிடும்.
கீழே
நீர் இருந்ததா என்று தெரியாது.

ரத்தினகிரியில் இறங்கிவிட்டார்கள்.
சட்டைக் கையில் ஈரமாக ஒரு கோடு.
பஸ் ஏறக்குறையக் காலி.
கண்டக்டர் வந்து,
'ஏன்ணே இப்படி ஒடுங்கி உக்காந்திருக்க,
தாராளமா உக்காரு' என்றார்.
சரி என்றேன்.
பெருமுகை வரும்வரைக்கும்
ஜன்னலோடு ஒட்டியே
உட்கார்ந்திருந்தேன்.