போயாச்சா

முதுகில் ஊசி இறங்கி
கால்கள் யாருடையவோ ஆன பிறகு
குழாயை வைத்தார்களாம்.
எனக்குத் தெரியவில்லை.
பச்சைத் துணிக்கு அந்தப் பக்கம்
என்னைத் திறந்து அவளை எடுத்தார்கள்.
மணி பதினொன்று நாற்பது என்றது ஒரு குரல்.
கோத்தகிரியில் அப்போது மழை.

வார்டுக்கு வந்துதான் பார்த்தேன்.
கட்டில் கம்பியில், இடுப்புக்குக் கீழே
தொங்கிக்கொண்டிருந்தது பை,
இரண்டாம் முறை ஊற்றிய சாயத்தண்ணி நிறத்தில்.

தவராசா பிள்ளையைப் பார்த்தார்,
என்னைப் பார்த்தார்,
பையைப் பார்த்ததும்
சுவரில் இருந்த தடுப்பூசி அட்டவணையை
வாசிக்கத் தொடங்கிவிட்டார்.
போர்வை நுனியை இழுத்து அதன்மேல் போட்டேன்.
ஜெசிந்தா சிஸ்டர் வந்து விலக்கினாள்.
"மூடாதம்மா, எனக்கு அளவு தெரியணும்."

அளவு.
கொழுந்து நிறுக்கும் இடத்தில் கேட்ட சொல்.
மழை நாளில், ஈர இலை என்று
மூன்று கிலோ கழிப்பார் மேஸ்திரி.
இவள் குனிந்து, குடுவையில் பிடித்து,
வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்து
நானூற்றிருபது என்று எழுதினாள்.
எதையும் கழிக்கவில்லை.

பதினாறு வயதிலிருந்து
காலையில் மலை ஏறினால்
மத்தியானச் சங்கு வரை அடக்கித்தான் பழக்கம்.
புதர் இருக்கிறது.
புதருக்கு அந்தப் பக்கம் மேஸ்திரி இருக்கிறார்,
அட்டை இருக்கிறது, சில நாள் காட்டெருமை நிற்கிறது.
தண்ணீரைக் குறைத்துக் குடிப்போம்.
எட்டாம் மாசம்
அவள் தலை அடிவயிற்றில் அழுந்த
செடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
கால் வழியே இறங்கியதை
மழை என்று சொன்னேன்.
அன்று மழையே இல்லை.

இங்கே ராத்திரி முழுக்க
யாரையும் கேட்காமல் போய்க்கொண்டிருந்தது.
குடிக்கலாம் என்றதும் நான்கு டம்ளர் வெந்நீர் குடித்தேன்.
சொல்ல வெட்கமாக இருக்கிறது,
சுகமாக இருந்தது.

மறுநாள் காலை
உள்ளே இருந்த குமிழின் நீரைச் சிரிஞ்சால் உறிஞ்சி
"மூச்சை இழுத்து விடு" என்றாள்.
ஒரு எரிச்சல், அவ்வளவுதான்.
"ஆறு மணி நேரத்துக்குள்ள தானா போகணும்."

போகவில்லை.
பக்கத்துக் கட்டில் நீலவேணி கேட்டாள், போயாச்சா.
கூட்ட வந்த அக்கா கேட்டாள், போயாச்சா.
போனில் தவராசாவும்,
குரலைத் தாழ்த்தி.

தையலை ஒரு கையால் தாங்கி
கக்கூஸில் உட்கார்ந்தேன்.
உடம்புக்கு மறந்துவிட்டதோ,
அடக்கு என்ற ஒன்றைத் தவிர
எதுவும் கற்றுத் தரவில்லையோ நான்.
"பைப்பைத் திறந்து விடும்மா," கதவுக்கு வெளியே ஜெசிந்தா.
விரலை வெட்டும் மலைத்தண்ணீர்
வாளியில் விழுந்தது.
கேட்டுக்கொண்டே இருந்தேன்.
கதவில் தாழ்ப்பாள் இருந்தது.
தொட்டுப் பார்த்தேன்.
போட்டுத்தான் இருந்தது.

பிறகு வந்தது.
முதலில் சொட்டு.
எரிந்தது, அழுதேன்,
அது நிற்கவில்லை.

"எவ்வளவு?" என்றாள், நோட்டும் கையுமாக.
"அளக்கலை சிஸ்டர்."
திட்டினாள்.
சிரித்தால் தையல் இழுக்கும்.
சுவரைப் பிடித்துக்கொண்டு
சிரிக்காமல் நடந்தேன்.