ஓ.வி.

செந்தூல், சி புளோக், இரண்டாவது லிப்ட்.
ஆள் நிறைந்து ஏறினால் ஒன்றுமில்லையாம்.
காலியாக ஏறும்போது மட்டும்
பன்னிரண்டுக்கும் பதின்மூன்றுக்கும் நடுவில்
நின்றுவிடுகிறதாம்.
புகார்த் தாளின் ஓரத்தில் யாரோ பென்சிலால்
'ஏழாம் மாதம்' என்று எழுதியிருக்கிறார்கள்.
படிக்கட்டோரம் ஊதுபத்திச் சாம்பல்,
இரண்டு ஆரஞ்சு, பிரிக்காத சிகரெட் பாக்கெட்.

விடியற்காலை நாலு மணி.
மழையில் மோட்டார்சைக்கிள் ஓட்டி வந்தவள் நான்;
காலுறையைப் பிழிந்தால் ஒரு கிளாஸ் தேறும்.
பதினேழு மாடியும் நடந்தேன்.

மோட்டார் அறையில், சின்னத் திரையில் இரண்டு எழுத்து: ஓ.வி.
அழுத்தம் மிகுந்துவிட்டது.
"காலிப் பெட்டி ஏறுவதற்கா இவ்வளவு அழுத்தம்?"
காவலர் அமிர்தராஜ் கதவுக்கு வெளியேதான் நின்றார்,
உள்ளே வரவில்லை.

பெட்டி காலியென்றால் எதிரெடைதான் கனம்.
அது விழப் பார்க்கிறது, இது ஏறுகிறது.
மோட்டார் அப்போது இழுப்பதில்லை,
விடாமல் பிடித்துக்கொண்டு வருகிறது.
பிடிக்கிற நேரமெல்லாம் மின்சாரத்தை வாங்காது,
திருப்பித் தரும்.
தருவதை வாங்கிக்கொள்ள ஒருவரும் இல்லையென்றால்
திணறி நின்றுவிடும்.
இதையெல்லாம் சொல்லவில்லை.
"ரெசிஸ்டர் போச்சு அண்ணே" என்றேன்.

தம்பி படித்து முடித்த மாதம்
வழக்கமாய் அனுப்பும் முந்நூறு வெள்ளி
கையிலேயே தங்கிவிட்டது.
இரண்டு நாள் அதையே எண்ணிக்கொண்டிருந்தேன்,
ஒரு கடைக்கும் போகாமல்.

கூரைமேல் கம்பிக்கூண்டு.
பீங்கான் குழலைச் சுற்றிய கம்பியில்
மயிரிழை அளவு வெடிப்பு,
பக்கத்தில் காய்ந்து ஒட்டிய பல்லி.
பல்லியைச் சுரண்டிப் போட்டேன்.
புதுசை மாட்டினேன்.
காலிப் பெட்டியை மூன்று முறை ஏற்றினேன்,
பதின்மூன்றைத் தாண்டிப் போனது.

ஐந்தரைக்குக் கட்டடம் இறங்கத் தொடங்கியது.
ஹலிமாவின் நாசி லெமாக் அண்டா, இரண்டு பிள்ளைகள்,
பிள்ளைகளைவிடக் கனமான புத்தகப் பைகள்,
லிம்மின் எரிவாயு உருளை,
புஷ்பலீலா, அவள் தைத்த முப்பது சீருடை.
நிறைந்த பெட்டி இறங்கும் ஒவ்வொரு தடவையும்
கூண்டுக்குள் கம்பி கொதித்தது.
எட்டடி தள்ளி நாற்காலி போட்டு
அந்தச் சூட்டில் காலுறையை விரித்தேன்.

ஏழு மணிக்குக் காய்ந்துவிட்டது.
கொஞ்சம் நாற்றம், பரவாயில்லை.

'காரணம்' என்ற கட்டத்தில் ரெசிஸ்டர் என்று எழுதிக்
கையெழுத்துப் போட்டேன்.
பென்சில் எழுத்தை அழிக்கவில்லை.
இறங்கும்போது பார்த்தேன்,
ஆரஞ்சு இரண்டும் அப்படியே இருந்தன.
சிகரெட்டைக் காணோம்.