கிலோமீட்டருக்கு இரண்டு வெள்ளி

காலணி இருநூற்றுப் பத்தொன்பது வெள்ளி.
பதிவுக் கட்டணம் தொண்ணூற்றைந்து.
நேற்றுவரை திரண்ட நிதி
இருநூற்று எண்பது வெள்ளி ஐம்பது காசு.
அந்த ஐம்பது காசை யார் போட்டதென்று
இன்னும் தெரியவில்லை.

"காசை நேராகக் கொடுத்துவிடேன்,
எதுக்கு இந்தக் காலொடிப்பு?"
என்றார் கணவர்,
கோப்பியை ஊதிக்கொண்டே.
கணக்குப் பிரிவில் பதினாறு ஆண்டு குப்பை கொட்டியவள் நான்,
கூட்டலும் கழித்தலும் எனக்கும் தெரியும்.
பதில் இல்லாததால்
காலணிக் கயிற்றை இன்னொரு முறை முடிந்தேன்.

நாலே முக்காலுக்குப் பெடோக் நீர்த்தேக்கத்தில்
என்னோடு இருப்பவர்கள் இரண்டே பேர்.
ஓர் உடும்பு.
ஓடாது, வழியும் விடாது.
அப்புறம் ஹொக்கியன் நாடகத்தைச் சத்தமாக வைத்துக்கொண்டு
நடக்கும் மனிதர்.
ஒவ்வொரு சுற்றிலும் அன்றுதான் முதன்முதலாய்ப் பார்ப்பதுபோல்
எனக்குத் தலையசைப்பார்.

ஏழாம் வாரம் கால்விரல் நகம் கறுத்தது.
ஒன்பதாம் வாரம் கழன்றது.
தாளில் மடித்துக்கொண்டு போய் ரொஹானாவிடம் காட்டினேன்.
"சீ! இதற்குத் தனியாக ஐந்து வெள்ளி" என்றாள்.

ரொஹானா என் எதிர்மேசை.
செவ்வாய், வியாழன், சனி
சிறுநீரகம் பார்க்கவேண்டிய வேலையை
ஓர் இயந்திரத்திடம் ஒப்படைத்துவிட்டு அமர்ந்திருப்பவள்.
நன்கொடைத் தாளில்
'என் தோழிக்காக ஓடுகிறேன்' என்று எழுதியிருந்தேன்.
சிவப்புப் பேனாவால் அடித்தாள்.
"எனக்காக ஓடாதே லா, நான் கேட்டேனா?
எங்கள் நிலையத்தில் ஒரு நாற்காலி கெட்டுப்போயிருக்கிறது.
சாய்ந்தால் நிமிராது.
அதற்காக ஓடு."

அப்படியே திருத்தினேன்.
மேலாளர் திரு இங் இரண்டு முறை படித்தார்.
"நாற்காலிக்கா?"
"ஆமாம், நாற்காலிக்கு."
சிரித்தார். கிலோமீட்டருக்கு இரண்டு வெள்ளி,
பயிற்சி ஓட்டத்துக்கும் உண்டு என்று கையெழுத்திட்டார்.
என்னை நடுவில் ஒருமுறை
மேலும் கீழும் பார்த்துவிட்டுத்தான்.

சனிக்கிழமை. முப்பத்திரண்டு கிலோமீட்டர்.
கடலோரம் முழுக்க இருட்டில் கப்பல்கள்
விளக்கேற்றிக்கொண்டு சும்மா நின்றன.
குழாய் கண்ட இடமெல்லாம் குடித்தேன்,
மிச்சத்தைத் தலையில் ஊற்றினேன்.
இருபத்தாறில் இடது முழங்கால்
பழைய கடனைக் கேட்டு வந்து நின்றது.
இருபத்தெட்டில் இடியோடு மழை.
கண்ணில் பட்ட புளோக்கின் அடியில் ஒதுங்கினேன்.
கண்ணில்தான் பட்டதா,
கால்களுக்கு முன்பே தெரியுமா, சொல்லத் தெரியவில்லை.

கண்ணாடிக்கு அப்பால் பன்னிரண்டு நாற்காலிகள்.
மூன்றாவதில் ரொஹானா.
வாய் திறந்தபடி தூக்கம்.
அசையாத அந்த உடம்பிலிருந்து
அத்தனை ரத்தமும் வெளியே வந்து
ஒரு சுற்று ஓடி
வீடு திரும்பிக்கொண்டிருந்தது.
நான்கு மணி நேரம்.
வாரத்துக்கு மூன்று முறை.

தாதி ஒருத்தி கதவைத் திறந்து
காகிதக் குவளையில் தண்ணீர் நீட்டினாள்.
ரொஹானாவுக்கு ஒரு நாளைக்கு ஐந்நூறு மில்லி,
மாத்திரை விழுங்கும் மிடறும் அதில் சேர்த்தி.
காலையிலிருந்து நான் தலையில் ஊற்றியதை மட்டும்
கூட்டிப் பார்த்தேன்.
அவளுக்கு நான்கு நாள் வரும்.
குவளையை வாயருகே வைத்துக்கொண்டு
நின்றேன்.

அப்போது கண் திறந்தாள்.
சொட்டும் தலை, ஒட்டிய சட்டை,
குடிக்காத குவளை
எல்லாவற்றையும் ஒரு பார்வை பார்த்தாள்.
எழுந்து உட்காரப் பார்த்தாள், முடியவில்லை;
நாற்காலி நிமிரவில்லை.
அந்த நாற்காலியேதான்.
ஊசி குத்தாத கையைத் தூக்கி
மணிக்கட்டைத் தட்டிக் காட்டினாள்.

ஒரே மடக்கில் குடித்தேன்.

கைக்கடிகாரத்தை நிறுத்த மறந்திருக்கிறேன்.
நின்ற பதினேழு நிமிடத்தையும்
ஓட்டமென்றே அது எழுதிவைத்திருந்தது.
அழிக்கவில்லை.
இடி தெற்கே போய்விட்டது, தூறல்தான்.
இன்னும் நான்கு கிலோமீட்டர்.
எட்டு வெள்ளி.