தவிட்டுத் தொட்டி, புதுவயல்

நெல்லுக்கு வாயைத் திறந்தால் போதும்,
தானே ஓடிவரும்.
தவிடு அப்படியில்லை.
தொட்டிக்குள் பாலம் கட்டி
உட்கார்ந்துகொள்ளும்.
கீழே திருகு சும்மா சுற்றும்.
சுத்தியலால் இன்னாசி போட்ட பள்ளம்
இந்த வாரம் மட்டும்
நாற்பது எண்ணினேன்.

கோயமுத்தூர்க்காரர் படம் விரித்தார்:
"எல்லாத்துக்கும் ஒரே ஃபீடர், ஆச்சி."

உமையாள் ஆச்சி பேசவில்லை.
ஒரு பிடி தவிட்டை இறுக்கி
அவர் கேட்லாக் மேல் வைத்தார்.
விரல் தடம் கலையாமல்
கொழுக்கட்டையாய் நின்றது.

பிறகு உமி.
உள்ளங்கையில் வைத்து
லேசாக ஊதினார்.
மூக்குக்கண்ணாடி, சட்டைப்பை,
பேனா மூடி வரைக்கும் உமி.

"நெல்லுக்கு இது போதும்.
தவிட்டுக்கு
அகல வாய், செங்குத்துச் சுவர்,
ரெட்டைத் திருகு.
என்ன விலை?"

அவர் தும்மி முடிப்பதற்குள்
மேலே
டங்.
மறுபடியும் இன்னாசி.