நூற்றிப் பதினாலு

பதினாறு போன், ஒரு சுவிட்ச்,
முன்னூறு மீட்டர் நீல வயர்.
சம்மாந்துறை
நீர்ப்பாசன அலுவலகத்தின் மேல்மாடி.
சிப்னாஸ் ஏணியில்.
அவன் வாயில் நாலு ஆணி;
காலையிலிருந்து அவனுடைய
ஓமும் இல்லையும் ஒரே சத்தம்.

நான் நிலத்தில் குந்தி
ஒவ்வொரு போனையும் கவிழ்த்து
அடிவயிற்றில் பன்னிரண்டு எழுத்து வாசிக்கிறேன்.
எட்டா, பீயா என்று
டோர்ச் அடித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.
ஒன்று பிழைத்தால்
கணக்காளரின் மணி
களஞ்சியத்தில் அடிக்கும்.

இலக்கச் சண்டை முடிந்து இரண்டு நாள்.
நூற்றியொன்று பொறியியலாளருக்கு.
நூற்றியிரண்டுக்கு இரண்டு பேர்.
"எனக்கு எந்த இலக்கமும் பரவாயில்ல,
ஜன்னல் பக்கம் வைங்க" என்றார்
பிரதம லிகிதர் ஜெஸீமா.
வயர் எட்டாத ஒரே மேசை அவருடையது.

நூற்றிப் பதினாலு கோகிலவாணிக்கு.
காரைதீவிலிருந்து ஸ்கூட்டியில் வருபவர்;
வெளி அழைப்பெல்லாம் முதலில் அவரிடம்.
"பேரத் தமிழில போடுங்க தம்பி."
போட்டேன்.
போன் வாங்கியது, யோசித்தது,
ஒன்பது வெறும் பெட்டியைக் காட்டியது.
ஐந்து எழுத்துப் பெயர்தான்.
கொம்பையும் காலையும் விசிறியையும்
கழற்றித் தனித்தனியாய் எண்ணியிருக்கிறது,
சுங்கத்தில் சாமான் பிரிப்பது போல.
அவர் குனிந்து பார்த்தார்.
"ஒம்பது வரவை.
ஒண்டிலயும் தண்ணி இல்ல."

மூன்று மணிக்கு முதல் அழைப்பு.
போனின் கணக்கில் காலை ஒன்பதரை.

"வணக்கம், நீர்ப்பாசனம்."
"ஹலோ" என்றது ஏதோவொரு வட்டை.
"வணக்கம், சொல்லுங்க."
"ஹலோ. ஹலோ."
"கேக்குது, சொல்லுங்க ஐயா."
"ஹலோ."

எனக்கு விளங்கிவிட்டது.
அங்கிருந்து குரல் வருகிறது.
இங்கிருந்து போவது
கீழே ரவுட்டரில் ஒரு கதவில் முட்டி நிற்கிறது.
சோதிக்கத்தான்
ஸ்பீக்கரை அமத்தச் சொன்னேன்.

பம்புச் சத்தம். காற்று. மறுகா,
பக்கத்தில் நிற்கும் யாருக்கோ:
"எடுத்து வெச்சிட்டு சும்மா இரிக்காங்கடா.
புதுப் போன் பூட்டினதாம்.
கடைசி வாய்க்காலுக்குத் தண்ணி வந்து பதினொரு நாள்,
குடலைப் பயிர் கருகுது.
வட்டவிதானையாரக் கேட்டா
ஆபீசுக்குச் சொல்லு எங்காரு.
ஆபீசுக்கு எங்கடா காது?
மேசதான் இரிக்கு."

அறையில் இருந்த ஆறு மேசையும் கேட்டன.
ஜெஸீமா பேனையை மூடினார்.
பொறியியலாளர் தேநீரோடு வாசலில்,
உள்ளே வருவதா என்று தெரியாமல்.
கோகிலவாணி மட்டும்
"கேக்குது ஐயா, கேக்குது" என்று
போய்ச்சேராத குரலில் சொல்லிக்கொண்டே
பழைய உறையின் பின்பக்கம் எழுதினார்:
கடைசி வாய்க்கால். பதினொன்று.

லைன் அறுந்தது.
நான் கீழே ஓடினேன்.
யாரோ நல்ல எண்ணத்தில்
உதவிக்கென்று போட்டுவைத்த
ஒரு சரி அடையாளம், ரவுட்டரில்.
எடுத்தேன். அவ்வளவுதான்.

படியேறும்போதே கேட்டது,
அவரே திருப்பி எடுத்திருக்கிறார்:
"நீர்ப்பாசனம். கோகிலவாணி கதைக்கிறன்."

அந்தப் பக்கம் பம்பு மட்டும்.
அவ்வளவு ஏசியவருக்கு
இப்போது ஒரு சொல் கிடைக்கவில்லை.
"ஆ… கேக்குதா?"
"முதல்ல இருந்தே கேட்டது."

ஏணியில் சிப்னாஸ்
கடைசி ஆணியை வாயிலிருந்து எடுத்தான்.

"அப்ப தண்ணி எப்ப?"
மெதுவாகத்தான் கேட்டார்.

அழைப்பை மாற்றும் பொத்தான் எதுவென்று
நான் இன்னும் காட்டிக்கொடுக்கவில்லை.
கோகிலவாணி தானாகவே கண்டுபிடித்தார்.
நூற்றியொன்று அடிக்கத் தொடங்கியது,
நடைபாதைக் கடைசியில்,
ஆளில்லாத அறையில்.
பொறியியலாளர்
தேநீரை வைக்க இடம் தேடினார்.