ஈறில் அழுத்திய கட்டைவிரல்

ஓங்கரித்தது. ஒன்றும் வரவில்லை,
கொஞ்சம் நுரையைத் தவிர.
படுத்தது, எழுந்தது, சுவரைப் பார்த்து நின்றது
அங்கே இருந்த கதவை யாரோ எடுத்துப்போய்விட்டதைப் போல.
வயிற்றைத் தட்டினேன்:
காற்றடைத்த டயர்.

எங்களுடையது சிலோயேயின் ஓரத்தில்
ஒரு துளித் தீவு.
பதினேழு வீடு, ஒரு தேவாலயம்.
சிக்னல் கல்லறை மேட்டில் மட்டும்.
உருளைக்கிழங்கு வண்டியில் ஏற்றினேன்
நாற்பது கிலோ சோல்காவை,
சிப்பி நிறத்துக்காக அந்தப் பெயர் வைத்த நாயை,
மழையில், மேட்டில், ஒற்றைச் சக்கரத்தில்.

டாக்டர் யாஸ்னாவின் முதல் சொல்லில்தான் தூக்கம் இருந்தது.
இரண்டாம் சொல்லில் இல்லை.
"ஈறு என்ன நிறம்?"
பல்லில் கடித்திருந்த டார்ச்சைத் துப்பிவிட்டுச் சொன்னேன்:
"அவித்த கிழங்கு."
"கட்டைவிரலால் அழுத்துங்கள். எடுங்கள். எண்ணுங்கள்."
ஒன்று.
இரண்டு.
மூன்று.
வீடு திரும்ப ரத்தம் இவ்வளவு யோசிக்குமா?
"விடியும்வரை பார்க்கலாமா?" என்றேன்.
"விடிந்தால் என்னைத் தேட மாட்டீர்கள்,
மண்வெட்டியைத் தேடுவீர்கள்.
தண்ணீர் கூடாது, எண்ணெய் கூடாது, வாயில் எதுவும் கூடாது.
பிழிந்த துணி மாதிரி முறுக்கிக்கொண்டிருக்கிறது இரைப்பை.
கிளம்புங்கள்."

இந்தக் காற்றில் போகக்கூடிய படகு ஒன்றுதான்.
அது எலியோதோரோவுடையது.
போன வருஷத்துக்கு முந்தின வருஷம்
அவருடைய இரண்டு குட்டிகளைக் கொன்றது
இதே சோல்கா.
தோல்களை என் வேலியில் மாட்டிவிட்டுப் போனவர்
அப்புறம் பேசவில்லை.
பூசையில்கூட எதிர் வரிசை.

கதவைத் திறந்தவர் என்னைப் பார்க்கவில்லை,
வண்டியைப் பார்த்தார்.
"இதுவா?"
"இதுதான்."
மழை எங்களுக்கு நடுவில் கொஞ்ச நேரம் பெய்தது.
உள்ளே போனார்.
துப்பாக்கி எந்தச் சுவரில் தொங்கும் என்று
எனக்குத் தெரியும்.
டீசல் கேனோடு வந்தார்.

ஓதம் வடிந்திருந்தது. கூழாங்கல்மேல்
படகைத் தள்ளியபோது
முதல்முறையாக ஒரே சத்தத்தில் மூச்சு வாங்கினோம்.
ஸ்வெட்டரைக் கழற்றி எறிந்தார்: "போர்த்து."
அவர் ஆட்டு ரோமம்.
அந்தக் குட்டிகளின் தாயாக இருக்கலாம்.
கேட்கவில்லை நான்.

நாற்பது நிமிஷக் கடல்.
ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை உதட்டைத் தூக்கி அழுத்தி
எண்ணினேன்.
மூன்று. மூன்று. மூன்றரை.
நான்காம் முறை
சுக்கான் பக்கமிருந்து இன்னொரு குரல்
கூடவே எண்ணியது.

படகுத்துறையில் வேனின் விளக்கு.
இரவு உடைக்குக் கீழே ரப்பர் பூட்ஸ் போட்ட டாக்டர்
அங்கேயே, பலகைமேலேயே, விலாவுக்குப் பின்னால் ரோமம் மழித்துத்
தடித்த ஊசியை இறக்கினாள்.
சீறியது.
அழுகின கடற்பாசி, புளித்த தீவனம், இன்னும் என்னென்னவோ.
எலியோதோரோ முகத்தைத் திருப்பிக்கொண்டார்.
நான் ஆழமாக இழுத்தேன் அந்த நாற்றத்தை.

அப்புறம் ஒரு காகிதம்.
பிழைக்காமலும் போகலாம் என்று எனக்குத் தெரியும் என
நான் கையெழுத்திட வேண்டும்.
விரல் ஈரத்தில் மை பரவி
என் பெயர் வேறு யாருடையதோ போல ஆயிற்று.

பெஞ்சில் இரண்டு மணி நேரம்.
அவர் தம் நகத்தைப் பார்த்தார், நான் தரையை.
ஓடு எத்தனை என்று இப்போதும் சொல்வேன்: அறுபத்தி நான்கு,
ஒன்று விரிசல்.

டாக்டர் கதவைத் திறந்தாள்.
திருப்பிவிட்டாளாம், சுவரோடு சேர்த்துத் தைத்தாளாம்,
ஓரத்தில் கறுத்த ஒரு துண்டை வெட்டினாளாம்.
மூன்று நாள் போக வேண்டும், அதற்குமுன் வாக்கு இல்லை.
"வந்து அழுத்திப் பாருங்கள்" என்றாள்.
ஒன்று,
இரண்டைச் சொல்ல வாயெடுக்குமுன்
சிவந்துவிட்டது.

வெளியே மீன் லாரிகள் வரத் தொடங்கியிருந்தன.
"குட்டிக் கணக்கு தீரவில்லை" என்றார்.
"தெரியும். இரண்டு."
"இரண்டு. டீசல் தனி."
"தனி."
கொஞ்சம் நடந்து, நின்று:
"என் ஸ்வெட்டர்?"
"உள்ளே. அதன் தலைக்குக் கீழே."
ஒன்றும் சொல்லவில்லை.
கைகளை அக்குளில் செருகிக்கொண்டு
படகைப் பார்த்து நடந்தார்.