மனுவின் நான்காம் வரைவு

மதிப்பிற்குரிய நூலகத்தாருக்கு
என்று எழுதி அடித்தேன்.
மதிப்பிற்குரிய என்பதை மட்டும் விட்டுவைத்தேன்.

ஹவ்காங், ஒன்பதாம் மாடி.
சவேரியார் அன்பியத்தின் செயலாளர் நான்.
செவ்வாய் இரவு செபமாலை முடிந்து
கேசரி வருமுன்
இஞ்ஞாசியார் தொண்டையைச் செருமினார்:
"அந்த நாவல் நம்ம விசுவாசத்தைக் குத்துது.
ஒரு மனு போடணும்."
பதினொரு கைகள் உயர்ந்தன.
பன்னிரண்டாவது என்னுடையது,
கொஞ்சம் தாமதமாக.

படித்தவர் யாரென்று யாரும் கேட்கவில்லை.
கேட்டிருந்தாலும்
தமிழ் முரசுத் தாளில் அட்டை போட்டு
என் கைப்பைக்குள்
முந்நூற்றுப் பதினெட்டாம் பக்கத்தில்
ஒரு கர்தினால்
அறுந்துகொண்டிருக்கும் கயிற்றில்
தொங்குகிறார் என்பதை
சொல்லியிருக்க மாட்டேன்.

அவர் விழுவாரா என்று பார்க்கப்போய்
ஊதாக் கோட்டு ரயிலில்
ஹவ்காங்கைத் தாண்டி, புவாங்கோக்கைத் தாண்டி
பொங்கோல் வரை போயிருக்கிறேன்.
எந்தப் பூசையும்
என்னை இத்தனை தூரம் இழுத்ததில்லை.

முதல் வரைவில்
'திருச்சபையை இழிவுபடுத்துகிறது' என்றேன்.
கதையில் பீடத்தடியில் ஒரு சுரங்கம்.
சுரங்கத்தில் ஒரு சுவடி.
சுவடிக்காக ஏழு கொலை.
எங்கள் பீடத்தடியை
பதினாறு வருடமாகச் சனிதோறும் நான்தான் கூட்டுகிறேன்.
மெழுகுத் துண்டு, பிரிக்காத டிஷ்யூ பாக்கெட்,
குடிலிலிருந்து காணாமல்போன ஓர் ஒட்டகம்.
இரகசியம் என்றால்
அந்த ஒட்டகம்தான்.
சிரித்துவிட்டேன்.
மனுவில் சிரிப்பு கேட்கக் கூடாது.
கிழித்தேன்.

இரண்டாவதில் 'அத்தனையும் பொய்' என்றேன்.
கதையைப் பொய்யென்று புகார் கொடுப்பது
கடல் ஈரமாயிருக்கிறதென்று
போலீசுக்குப் போவது மாதிரி.

மூன்றாவதில் கொஞ்சம் நிஜம் வந்தது.
ஒரு பெண் பாவசங்கீர்த்தனம் செய்கிறாள்.
கிராதிக்கு அந்தப்பக்கம் குருவானவர் இல்லை,
கொலைகாரன்.
அவள் அழுது சொன்ன முகவரிக்கு
அடுத்த அத்தியாயத்தில் போய் நிற்கிறான்.
எழுதியவருக்கு அது ஒரு திருப்பம்.
எனக்கு வயிற்றைப் பிசைந்தது.
தம்பி போன வருடம்
அப்படியொரு கிராதியில் நெற்றியை வைத்து
நான் சொன்ன ஒரே ஒரு வாக்கியம்
அந்த மரத்துக்குள்ளேயே இருக்கிறது என்று நம்பித்தான்
ஈரத்துணியால் அதை மட்டும் மெதுவாகத் துடைக்கிறேன்.

வலித்தது என்று எழுதினேன்.
வலித்ததற்கு நூலகம் என்ன செய்யும்?

இன்னொன்றும் உண்டு.
இத்தனை பக்கத்தில்
துப்பாக்கி நீட்டாமல்
ஒருவரும் முழங்காலிடவில்லை.
தேவாலயம் முழுக்க ஓடுகிறார்கள்.
ஒருவராவது உட்காரவில்லை.
கெட்ட குருக்களை நானும் பார்த்திருக்கிறேன்,
அது பெரிதில்லை.
இந்தக் காலி பெஞ்சுகள்தான்
என்னவோ செய்கின்றன.
ஆனால் எழுதாததற்கு எதிராக
எப்படி மனுப் போடுவது?

கேசரியைத் தட்டில் வைத்தபடி புளோரன்ஸ் அக்கா
அன்றைக்கே கேட்டார்:
"பிரேதத்தைக் காணோம், காவல்காரனுக்குக்
காசு கொடுத்து வாயை அடைச்சிட்டாங்க.
நம்ம கதையே அப்படித்தானே?"
இஞ்ஞாசியார் பார்த்த பார்வையில்
முந்திரி தொண்டையில் நின்றது.

நேற்றிரவு போன் செய்தார்.
"முடிஞ்சதாம்மா?"
படுக்கையில் ஒரு விரலைப் பக்கத்துக்குள் வைத்திருந்த நான்
வாய் தவறி,
"இன்னும் எண்பது பக்கம் இருக்குங்க."
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
"எதுக்கு எண்பது?" என்றார்.
"ஒரு பக்கம் போதும்மா.
நறுக்குன்னு இருக்கட்டும்."

மதிப்பிற்குரிய.
அதற்குக் கீழே வெள்ளை.
கர்தினால் இன்னும் தொங்குகிறார்.
வெள்ளிக்கிழமை புத்தகத்துக்குத் தவணை நாள்.
மனுவைக் கொடுக்கவேண்டியதும்
அதே முகப்பில்தான்.